முதல்முறை ஹிப்னாடிச மேடை ஏறுகிறவர்களுக்கு: டிக்கெட் எடுப்பது முதல் வீடு திரும்புவது வரை

மேடை ஹிப்னாடிச நிகழ்ச்சிக்கு முதல்முறை போகிறவர் மனத்தில் இரண்டு பயம் இருக்கும். தன்னை மறந்து ஏதாவது அசிங்கம் செய்துவிடுவோமோ என்பது ஒன்று. எல்லோரும் தலை சாயும்போது தனக்கு மட்டும் ஒன்றும் ஆகாமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமோ என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே தவறான நம்பிக்கையிலிருந்து வருகின்றன. மைக் பிடித்திருப்பவரிடம் ஏதோ ஒரு சக்தி இருக்கிறது, அது நம்மைப் பிடிக்கும் அல்லது பிடிக்காது என்பதே அந்த நம்பிக்கை. ஆனால் வேலை செய்வதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கவனமும் கற்பனையும். நடத்துபவர் வழி சொல்கிறார், நடக்கிறவர் நீங்கள்.

200 ஆண்டுகளுக்கு முன்பே இதைத் தெளிவாகச் சொன்னவர் ஒரு கோவாக்காரர். கண்டோலிமில் 1756-ல் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா, 1813-ல் பாரிஸில் பொதுமக்கள் முன்னால் செய்முறையோடு சொற்பொழிவுகள் நடத்தினார். மெஸ்மர் என்ற மருத்துவரின் வழிவந்தவர்கள் தங்கள் கையிலிருந்து காந்தம் போன்ற ஏதோ ஒன்று எதிரே இருப்பவருக்குள் பாய்வதாக நம்பிய காலம் அது. அப்படி எதுவும் பாய்வதில்லை, காரணம் எதிரே இருப்பவருக்குள்தான் இருக்கிறது என்றார் ஃபாரியா. பணஜியில் அவருக்குச் சிலை உண்டு, கோவா போகிறவர்கள் பார்க்கலாம்.

இந்த வழிகாட்டி பிரிட்டனில் நடக்கும் நிகழ்ச்சிகளை வைத்து எழுதப்பட்டது. மேடை ஹிப்னாடிசத்துக்கென்றே அங்கே 1952 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. எடின்பரோவில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் கலைவிழாவில் இத்தகைய நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம். லண்டனிலும் பிற ஊர்களிலும் படிக்கவும் வேலைக்கும் போயிருக்கும் தமிழர்கள் நண்பர்களோடு போய் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். சுற்றுலாக் கப்பலிலோ, கல்லூரிக் கலைவிழாவிலோ, அலுவலக ஆண்டுவிழாவிலோ மேடையேறப் போகிறவர்களும் இதே அளவுகோலை வைத்துக்கொள்ளலாம்.

ஏறக் கூடாதவர்கள்

இதை முதலில் முடித்துவிடுவோம். 18 வயது ஆகாதவர்கள், கர்ப்பிணிகள், மது குடித்திருப்பவர்கள், போதைப்பொருள் எடுத்தவர்கள் ஏறக் கூடாது. மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், பெறுகிறவர்கள் ஏறக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் பார்வையாளராக இருந்து ரசிப்பதே நல்லது. கழுத்து, தோள்பட்டை, முதுகுத்தண்டில் பழைய அடி இருப்பவர்களும் அப்படியே. இந்த நிகழ்ச்சிகளில் தலை சட்டென்று தொங்கும், கை வெடுக்கென்று இழுக்கப்படும், பக்கத்து ஆள் மேலே சரிவார்.

வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு கூட்டமும் உண்டு. அண்மையில் வீட்டில் சாவு விழுந்தவர்கள், விபத்தையோ வன்முறையையோ அனுபவித்து இன்னும் அதிலிருந்து மீளாதவர்கள். கண்ணை மூடி, உடலைத் தளர்த்தி, கற்பனைக்கு இடம் கொடுக்கும்போது அடக்கி வைத்த அழுகை பொங்கி வரக்கூடும். அது நோயல்ல. ஆனால் முந்நூறு பேர் முன்னால் நடக்க வேண்டிய காரியமும் அல்ல.

எந்த நிகழ்ச்சிக்குப் போவது

பிரிட்டனில் பொது இடத்தில் ஹிப்னாடிச நிகழ்ச்சி நடத்த உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியோடு சேர்ப்பதற்கான மாதிரி நிபந்தனைகளை உள்துறை அமைச்சகம் 1996-ல் வெளியிட்டது. படித்துப் பார்த்தால், மேடையில் என்னவெல்லாம் கெட்டுப்போகும் என்று அனுபவித்துத் தெரிந்துகொண்டு எழுதியது என்பது புரியும். டிக்கெட் எடுக்கும் முன் இவற்றை மனத்தில் வைத்திருங்கள்.

நிகழ்ச்சி தொடங்கும் முன், யார் ஏறக் கூடாது, ஏறினால் என்ன செய்யச் சொல்வார்கள், கூச்சமோ பதற்றமோ வரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதையெல்லாம் நடத்துபவர் விளையாட்டாக அல்லாமல் அக்கறையோடு அறிவிக்க வேண்டும். மேடை உயரமாக இருந்தால் விளிம்பிலிருந்து பாதுகாப்பான தூரத்தில் வெள்ளை அல்லது மஞ்சள் கோடு தரையில் இருக்க வேண்டும். தான் சொன்னால் ஒழிய அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று ஏறியவர்களிடம் நடத்துபவர் சொல்ல வேண்டும். ஏறியவரை உண்மையிலேயே பழைய வயதுக்குக் கொண்டுபோகும் சஜஷன் (நடத்துபவர் சொல்லி மனத்தில் பதிக்கும் கருத்து) கூடாது. குழந்தை மாதிரி நடந்துகொள்ளச் சொல்லலாம், அது வேறு. உடலில் ஓர் உறுப்பு காணாமல் போனது என்பது போன்ற திகிலூட்டும் சஜஷன் கூடாது. இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஆளைப் பலகை மாதிரிக் கிடத்துவது, தோலில் ஊசி குத்தி வலியில்லை என்று காட்டுவது, தீங்கு தரும் எதையும் சாப்பிட வைப்பது ஆகியவையும் கூடாது. முடிந்த பிறகு குறைந்தது 30 நிமிடம் நடத்துபவர் அரங்கில் இருக்க வேண்டும்.

பலகை வித்தையைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய சுவரொட்டிகளில் பெரிய அதிசயமாகக் காட்டப்பட்ட இதற்கு ஹிப்னாடிசம் தேவையே இல்லை. தோளுக்குக் கீழே ஒரு தாங்கலும் கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்றும் கொடுத்து உடலை இறுக்கினால், ஆரோக்கியமான பெரியவர்கள் பலர் சில நொடிகள் தாங்குவார்கள். வயிற்றின் மேல் ஆள் ஏறி நின்றால் அடிபடுவது உங்கள் முதுகுத்தண்டு. இதுபோன்ற கட்டுப்பாடுகள் இல்லாத ஊரில் யாராவது உங்களைக் கிடத்தப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

போகும் முன் அந்த நடத்துபவரின் பழைய நிகழ்ச்சி வீடியோ ஒன்றைப் பாருங்கள். சிரிப்பு எதனால் வருகிறது என்று கவனியுங்கள். மேடையில் இருப்பவரின் கற்பனையைப் பார்த்துக் கூட்டம் சிரிக்கிறதா, அவரை அவமானப்படுத்தியதால் சிரிக்கிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டாவது வகை என்றால் அந்த ஆளிடம் போகாதீர்கள்.

அன்று மாலை

வயிறு முட்டவும் சாப்பிட வேண்டாம், பட்டினியும் வேண்டாம். இரண்டு மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிட்டால் போதும். மதுவைத் தொடவே வேண்டாம். கூச்சம் போகும் என்று ஒரு கிளாஸ் குடிப்பவர்கள் உண்டு. ஆனால் கவனம் சிதறினால் ஹிப்னாடிசமும் சரியாக அமையாது, கால் தடுமாறினால் மேடை விளிம்பும் பக்கத்தில் இருக்கும்.

உடை விஷயத்தில் பெண்களுக்குச் சுடிதாரோ பேண்ட்டோ வசதி. சேலை கட்டினால் முந்தானையிலும் மடிப்பிலும் குத்தியிருக்கும் ஊக்குகள், சரிந்து உட்காரும்போது திறந்துகொள்ளும். வேட்டியும் வேண்டாம். தரையில் உட்காரவும் ஆடவும் சொல்வார்கள் என்று எண்ணி உடுத்துங்கள். காலணி தட்டையாக, காலை விட்டுக் கழலாததாக இருக்கட்டும். மூக்குக் கண்ணாடி, செல்போன், சாவி, தொங்கும் காதணி எல்லாவற்றையும் கூட வந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று கண்ணாடியோடு போவது நல்லது. நெடுநேரம் கண்ணை மூடித் திறப்பதும், மேடை விளக்கின் சூடும் சேர்ந்து லென்ஸை உலர்த்திவிடும். வாயில் சூயிங் கம் இருந்தால் துப்பிவிடுங்கள். உடல் தளர்ந்த நிலையில் அது தொண்டைக்குப் போகலாம். கழிவறைக்குப் போய்விட்டு உட்காருங்கள்.

கூட வருபவர் யார் என்பது முக்கியம். உங்களை மேடைக்குத் தள்ளிவிட்டு வீடியோ எடுக்கத் துடிப்பவர் வேண்டாம். நீங்கள் கண்ணைக் காட்டினால் எழுந்து வந்து உதவும் ஒருவர் வேண்டும். அவரும் குடிக்காமல் இருக்கட்டும், திரும்பும்போது அவர்தான் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும்.

இருக்கையிலேயே நடக்கும் சோதனைகள்

பெரும்பாலான நிகழ்ச்சிகள் பத்துப் பதினைந்து நிமிடப் பேச்சோடு தொடங்கும். அது நேரம் கடத்தும் பேச்சல்ல. பயத்தைக் குறைத்து, இன்று இங்கே இது நடக்கும் என்ற எதிர்பார்ப்பை அரங்கில் ஏற்றுவதே அதன் வேலை, அதனால் கவனித்துக் கேளுங்கள். அடுத்து அரங்கில் எல்லோருக்கும் ஒன்றிரண்டு சோதனைகள் வரும்.

இரண்டு கையையும் கோத்து, ஆள்காட்டி விரல்கள் இரண்டை மட்டும் நீட்டி, நடுவே ஓர் அங்குல இடைவெளி விடச் சொல்வார். விரல்களுக்கு நடுவே காந்தம் இருக்கிறது, இழுக்கிறது என்பார். விரல்கள் நெருங்கும். கைகள் கோத்திருக்கும்போது விரல்களைப் பிரித்து வைத்திருப்பது தசைக்குச் சிரமம், விட்டாலே சேர்ந்துகொள்ளும். இன்னொன்று, விரல்களை இறுகக் கோத்து, உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பி, கையை நேராக நீட்டிப் பிரிக்கச் சொல்வது. மூட்டுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் யாருக்குமே சற்றுக் கடினம். ஆகவே விரல் சேர்ந்ததால் நீங்கள் வசப்பட்டுவிட்டீர்கள் என்றும் இல்லை, சேராததால் முடியாது என்றும் இல்லை.

உண்மையில் உங்களைப் பற்றிச் சொல்வது மூன்றாவது சோதனை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஒன்றில் கனமான வாளி தொங்குவதாகவும் மற்றதில் பலூன் கட்டியிருப்பதாகவும் நினைக்கச் சொல்வார். கண்ணைத் திறக்கும்போது இரண்டு கைக்கும் நடுவே பெரிய உயர வித்தியாசம் இருந்து, இறக்கியது நான்தானா என்று உங்களுக்கே தோன்றினால் உங்கள் கற்பனை உடலோடு நன்றாகப் பேசுகிறது. எலுமிச்சம்பழத்தை நறுக்கி நாக்கில் பிழிவதாகச் சொல்லும்போது வாயில் நீர் ஊறுவதும் அப்படியே.

சோதனை முடிந்த கையோடு, வர விரும்புகிறவர்கள் வாருங்கள் என்பார். கை பிரியாதவர்கள் எல்லோரும் மேடைக்கு வந்தாக வேண்டும் என்று கட்டளையாகச் சொன்னால் அது முறையல்ல. பிரிட்டனின் நிபந்தனைகளே இப்படி வற்புறுத்துவதைத் தடுக்கின்றன. விருப்பம் இல்லையென்றால் உட்கார்ந்தே இருங்கள், கையை மெல்லத் திருப்பித் தளர்த்தினால் பிரிந்துவிடும்.

போக விரும்பினால் உடனே எழுந்துகொள்ளுங்கள். நாற்காலிகள் பதினைந்து, இருபதுதான் இருக்கும், முதல் நிமிடத்தில் நிரம்பிவிடும். முன் வரிசைகளில், நடைபாதை ஓரம் டிக்கெட் எடுப்பது இதற்காகத்தான்.

ஆங்கிலத்தில் நடக்கும் நிகழ்ச்சிக்குப் போகும் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடத்துபவரின் உச்சரிப்பை மனத்துக்குள் தமிழாக்கிப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தால் அந்த வேலையே கவனத்தைத் தின்றுவிடும். முன்னுரைப் பேச்சு இயல்பாகப் புரிந்ததா என்று பார்த்துவிட்டு ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

நாற்காலியில்

நடுவில் கிடைத்தால் நடு நாற்காலியில் உட்காருங்கள். வரிசையின் ஓரத்தில் இருப்பவர் சரிந்தால் தாங்க ஆளிருக்காது. இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். கால் மேல் கால் போட வேண்டாம், மரத்துப்போகும். கைகள் தொடை மேல் தனித்தனியாக இருக்கட்டும். தோளிலோ கழுத்திலோ வலி இருந்து அதையும் மீறி ஏறியிருந்தால், இப்போதே அருகில் வருபவரிடம் சொல்லுங்கள். சில நடத்துபவர்கள் கைகுலுக்குவது போல் கையைப் பிடித்துச் சட்டென்று இழுத்து, தூங்கு என்று உரக்கச் சொல்லி ஹிப்னாடிச நிலைக்குள் அனுப்புவார்கள். அந்த இழுப்பு எல்லாத் தோளுக்கும் ஏற்றதல்ல.

அடுத்து உள்ளே போகும் கட்டம். பெரும்பாலும் உயரத்தில் ஒரு புள்ளியையோ விளக்கையோ பார்க்கச் சொல்வார். இது 1841-ல் மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்ட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் கண்டது. பிரெஞ்சுக்காரர் லாஃபோன்டேனின் மேடை நிகழ்ச்சியைச் சந்தேகத்தோடு பார்க்கப் போனவர் அவர். மேடையில் இருந்தவரின் இமைகள் உண்மையிலேயே திறக்க முடியாமல் இருந்ததைக் கவனித்து, வீட்டுக்கு வந்து தானே பரிசோதித்தார். பளபளப்பான ஒரு பொருளைக் கண்ணிலிருந்து 8 முதல் 15 அங்குலத்தில், நெற்றிக்குச் சற்று மேலே பிடித்து உற்றுப் பார்க்கச் சொன்னார். மேல்நோக்கி அசையாமல் பார்த்தால் இமைத் தசைகள் சீக்கிரம் களைத்துவிடும். இமை கனக்கிறது என்று நடத்துபவர் சொல்லும்போது அது ஏற்கெனவே கனத்துக்கொண்டிருக்கும். சொன்னது நடக்கிறது என்ற உணர்வு அங்கேதான் பிறக்கிறது. தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பாருங்கள், கழுத்து வலிக்காது.

முதல்முறை ஏறுகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், காரணம் ஒன்றே ஒன்று. ஆகிறதா, ஆகவில்லையா என்று நொடிக்கு நொடி தங்களையே சோதித்துக்கொண்டிருப்பார்கள். கை கனக்கிறது என்று அவர் சொன்னால், கனக்கிறதா என்று பார்க்காதீர்கள். கையில் நிறைந்த தண்ணீர்க் குடம் ஒன்று தொங்குவதாக நினையுங்கள். அதன் விளிம்பு விரலில் அழுந்துவதை, தண்ணீர் தளும்புவதை, தோள் இழுபடுவதை நினையுங்கள். சொன்னதைச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது, சொன்னதைப் படமாக்கினால் நடக்கும்.

மற்ற தடங்கல்கள் சின்னவை. மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ளுங்கள். இருமல் வந்தால் இருமுங்கள், கண்ணைத் திறக்காமல் மறுபடி குரலுக்குத் திரும்புங்கள். முதல் இரண்டு நிமிடம் சிரிப்பு வருவது பதற்றத்தால்தான். அடக்காமல் மூச்சோடு விட்டுவிடுங்கள், அடங்கிவிடும். நண்பர்கள் பெயர் சொல்லிக் கத்தினால் அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் உள்ளே போகப் போகத் தூரமாகிறது என்று எண்ணிக்கொள்ளலாம். தலை தொங்கச் சொன்னால் தொப்பென்று போடாமல் தாடை மெல்ல மார்பை நோக்கி இறங்கட்டும்.

கண்ணைத் திறக்கச் சொல்லி, சில நொடியில் மறுபடி மூடச் சொல்லி, இப்படி மூன்று நான்கு முறை செய்வார். கெடுத்துவிட்டாரே என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறை திரும்பிப் போகும்போதும் முன்பைவிட எளிதாக இருக்கும், வேண்டுமென்றே செய்வதுதான்.

திருப்பி அனுப்பினால்

பத்து நிமிடத்துக்குள் சிலருடைய தோளைத் தொட்டு, இருக்கைக்குப் போகச் சொல்வார். இருபது பேரில் பாதிப்பேர் இப்படி இறங்குவது வழக்கம். இதில் அவமானம் எதுவும் இல்லை. ஹிப்னாடிசத்துக்கு உடன்படும் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடும். 1959-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வைட்சன்ஹோஃபர், ஹில்கார்ட் என்ற உளவியலாளர்கள் அதை அளக்க 12 சோதனைகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார்கள். மிக அதிகமாக உடன்படுபவர்கள் ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம், மிகக் குறைவாக உடன்படுபவர்களும் ஏறக்குறைய அவ்வளவே, மற்ற எல்லோரும் நடுவில். அங்கே மாணவர்களாக அளக்கப்பட்டவர்களை 25 ஆண்டு கழித்து மறுபடி அளந்தபோதும் பெரிய மாற்றம் இல்லை. அறிவுக்கும் இதற்கும், மனவலிமைக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். மேடைக்காரர் தேடுவது உடன்படுபவர்களிலும் கூச்சமில்லாமல் ஆடக்கூடியவர்களை. அமைதியாக ஆழ்ந்துபோகும் ஒருவர்கூட, பார்க்கச் சுவாரசியமில்லை என்பதால் இறக்கப்படலாம்.

சஜஷன்கள் வரும் வரிசை

அரங்கம் சிரிக்கும் பகுதி இதுதான், பெரும்பாலும் முக்கால் மணி நேரம். வரிசையில் ஒரு கணக்கு இருக்கிறது, தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். முதலில் கை தானாக எழும்புவது, இறங்குவது போன்ற உடலசைவுகள். பெரும்பாலானவர்களுக்கு இவை நடக்கும். அடுத்து, கையைத் தொடையிலிருந்து எடுக்க முடியாது, முயன்று பாருங்கள் என்பது போன்ற சவால்கள். இதில் சிலர் உதிர்ந்துவிடுவார்கள். அதன் பின் குளிர்கிறது, சுடுகிறது, நாற்காலி கொதிக்கிறது என்று உணர்வுகள். கடைசியில்தான் தன் பெயர் மறப்பது, ஏழு என்ற எண் காணாமல் போய் விரல்களை எண்ணினால் பதினொன்று வருவது, இல்லாத பூனையைத் தடவுவது போன்றவை. இந்தக் கடைசி வகை கொஞ்சம் பேருக்கே வாய்க்கும். பெயர் மறக்கச் சொன்னார், எனக்கு மறக்கவில்லை என்றால் அதற்கு முன் நடந்ததெல்லாம் பொய் என்று ஆகாது. உங்கள் அளவு அதுவரை, அவ்வளவுதான்.

பெயர் நினைவில் இருந்தால் சொல்லிவிடுங்கள். நேர்மையான நடத்துபவர் ஒரு வார்த்தை பேசி உங்களை விட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். நேர்மையில்லாதவர் மைக்கை விலக்கிவிட்டு, கொஞ்சம் சமாளித்து நடித்துக்கொடுங்கள் என்று காதோடு சொல்வார். இந்த வழக்கத்தை 1971-லேயே மீக்கர், பார்பர் என்ற ஆய்வாளர்கள் மேடை ஹிப்னாடிசம் பற்றிய தங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் நடிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

கண் திறந்தபடி நடக்கச் சொல்லும்போது தரைக் கோட்டையும் மேடைப் படிகளையும் மட்டும் நினைவில் வைத்திருங்கள். இத்தகைய நிகழ்ச்சிகளில் விழுந்து அடிபட்டவர்கள் உண்டு. கீழே இறங்கி அரங்குக்குள் ஓடும் சஜஷன் வந்தால் நடந்தே போங்கள்.

உள்ளே எப்படி இருக்கும்

தூக்கம் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் இது தூக்கமல்ல. எல்லாம் காதில் விழும். மேடையில் இருக்கிறோம் என்பது தெரியும். உடல் கனத்தோ, மிதந்தோ, இருப்பதே தெரியாமலோ இருக்கலாம். முக்கால் மணி நேரம் பத்து நிமிடமாகத் தோன்றலாம். பலருக்கு மிகப் பெரிய ஆச்சரியம், செயல் தானாக நடப்பது போன்ற உணர்வு. கை உயர்கிறது, உயர்த்துகிறோம் என்ற முயற்சி தெரியவில்லை.

கூடவே இன்னொரு நினைப்பும் ஓடும். வேண்டுமானால் நிறுத்திவிடலாம், நான் சும்மா ஒத்துப்போகிறேன் என்று. இறங்கி வந்த பிறகு மிக அதிகமாகக் கேட்கும் சொல்லும் இதுதான். இதை வைத்துத் தங்களைப் போலி என்று எண்ணிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். நிறுத்த முடியும் என்ற உணர்வும் தானாக நடக்கிறது என்ற உணர்வும் ஒரே நேரத்தில் இருக்கலாம், ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது. நடந்தது முழுவதும் மறந்துபோவது அரிது. எல்லாம் நினைவிருந்தால், ஆகவே ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. மார்ட்டின் ஓர்னும் ஃபிரெடெரிக் எவன்ஸும் 1965-ல் வெளியிட்ட ஆய்வில், ஹிப்னாடிச நிலையில் இருந்தவர்கள் பாம்பை நோக்கிக் கை நீட்டினார்கள், அமிலத்தை ஆய்வாளர் மேல் வீசவும் செய்தார்கள். ஆனால் ஹிப்னாடிசத்தில் இருப்பதாக நடிக்கச் சொல்லப்பட்டவர்களும் அதையே செய்தார்கள். ஆய்வு நடத்துகிறவர்கள் ஆபத்தில்லாமல் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையே காரணம். மேடையிலும் உங்களை வரம்பு மீறச் செய்யக்கூடியது அந்த நம்பிக்கையும், கைதட்டும் கூட்டமும், மறுத்தால் எல்லோருக்கும் ஏமாற்றமாகிவிடுமே என்ற சங்கடமும்தான். ஹிப்னாடிசத்தில் இருந்தாலும் தன் விருப்பத்துக்கு மாறானதை யாரும் செய்ய மாட்டார்கள் என்று மேடையில் சொல்லும் சமாதானத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். எதைச் செய்ய மாட்டேன் என்று ஏறும் முன்பே மனத்தில் முடிவு செய்யுங்கள். சட்டையைக் கழற்ற மாட்டேன், யாரையும் கட்டிப்பிடிக்க மாட்டேன், அந்தரங்கம் பேச மாட்டேன், எதையும் வாயில் போட மாட்டேன். பட்டியல் உங்களுடையது.

விலகும் விதம் எளிது. கண்ணைத் திறங்கள், மூச்சை இழுத்து விடுங்கள், நான் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், எழுந்து படியின் கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். அனுமதி கேட்க வேண்டியதில்லை. யாரும் எழுப்பாவிட்டால் அப்படியே மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் வீண். நடத்துபவர் மயங்கி விழுந்தாலும் நீங்கள் சில நிமிடத்தில் தானாகவே கண் திறந்து பார்ப்பீர்கள்.

வெளியே வருவது

இதை அவசரமாக முடிக்கும் நடத்துபவர் நல்லவர் அல்ல. சஜஷன்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒருமுறையும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒருமுறையும் நீக்கப்பட வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுவார். ஐந்தில் சட்டென்று துள்ளி எழாதீர்கள். விரல்களை அசையுங்கள், தோளைச் சுழற்றுங்கள், இரண்டு மூன்று ஆழமான மூச்சு விடுங்கள், அப்புறம் எழுந்திருங்கள். நெடுநேரம் தலை தொங்கி உட்கார்ந்திருந்துவிட்டு விருட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

இறங்கும் முன் உங்களுக்குக் கொடுத்த சஜஷன்களை நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். ஏழு மறந்திருந்தால் பத்து வரை எண்ணுங்கள். ஒரு பாட்டைக் கேட்டால் ஆட வேண்டும் என்று சொல்லியிருந்தால், அது நீக்கப்பட்டதா என்று கேளுங்கள். இன்னும் மந்தமாக இருந்தால் கூச்சப்படாமல் அவரிடமே சொல்லுங்கள். எல்லோரும் போகிறார்களே என்று படியிறங்கி வாசலுக்குப் போய்விட்டுச் சொல்வதைவிட மேடையிலேயே சொல்வது நல்லது.

அதன் பிறகு

தண்ணீர் குடியுங்கள். கால் மணி நேரமாவது உட்கார்ந்து கூட வந்தவரிடம் பேசுங்கள். அன்றிரவு வண்டி ஓட்டுவதை அவரிடம் விட்டுவிடுங்கள். லேசான தலைவலி, களைப்பு, ஒருவித உற்சாகம் எல்லாம் வரலாம், தூங்கி எழுந்தால் சரியாகும். தலைசுற்றல் நிற்காமல் இருந்தாலோ, பதற்றமோ அழுகையோ மறுநாளும் தொடர்ந்தாலோ மருத்துவரைப் பாருங்கள், ஹிப்னாடிச மேடை ஏறியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஹிப்னாடிஸ்ட் மருத்துவர் அல்ல. அவரே இன்னொரு முறை உட்கார வைத்துச் சரிசெய்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

புகைப்பழக்கத்தை நிறுத்த, பயத்தைப் போக்க என்று மேடையிலேயே சிகிச்சை மாதிரி ஏதாவது கொடுத்தால் அதையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். அதற்குத் தனி அறை, தனி நேரம், உங்கள் உடல்நிலையை விசாரித்துத் தெரிந்துகொள்ளும் தகுதி பெற்ற ஆள் எல்லாம் வேண்டும்.

கடைசியாக வீடியோ. பெரும்பாலான நிகழ்ச்சிகள் பதிவாகின்றன, நிகழ்ச்சிக்காரரும் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவார். டிக்கெட்டின் பின்புறமோ வாசலில் ஒட்டிய அறிவிப்போ அதற்குச் சம்மதம் பெற்றதாகச் சொல்லும், ஏறும் முன் அதைப் படியுங்கள். மேடையில் என்ன செய்தீர்கள் என்று கூட வந்தவர் காட்டும் பதிவை முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். அதன் பின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பலாமா கூடாதா என்று சொல்லுங்கள். நிகழ்ச்சிக்காரரின் பதிவில் உங்கள் முகம் வேண்டாம் என்றால் அன்றிரவே, அவர் அரங்கில் இருக்கும் அந்த அரை மணி நேரத்துக்குள், நேரில் கேளுங்கள். வீட்டுக்குப் போய் மின்னஞ்சல் அனுப்புவதற்குள் அது இணையத்தில் ஏறியிருக்கும்.